மைக்குழி ஓரம் போட்ட கோலம்

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

நாலு நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை. ஆனால் இன்றைக்கு எழுதாமல் தூக்கம் வராது.

மகள் ஜெபா போன் செய்தாள். இரண்டு மாதமாம்! மீஞ்சூரில் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துவிட்டார்களாம். நூறு நாள் வேலைக்குப் போகக் கையில் பையோடு நின்றிருந்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன். ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்த எட்வர்ட்டை உலுக்கி எழுப்பி, "தாத்தா ஆவப் போறீங்க" என்றேன். "மணி இன்னா?" என்று கேட்டார். இந்த மனுஷனோடு இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

சந்தோஷம் முழுசாக ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. ஜெபாவின் மாமியார் ஞானம்மா போனை வாங்கினார். "தப்பா நெனைக்காத அண்ணி. தலப் பிரசவம் தாய் ஊட்லதான்னு எனக்குத் தெரியாதா? ஆனா உங்க காலனித் தண்ணிய நெனச்சாலே பயமாக்கீது. அங்க அனுப்ப மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லையே. எங்கள் அடிபம்புக்கு, தண்ணீர் குடிக்கக் கூடாதென்று, சிவப்பு பெயின்ட் அடித்து ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வருகிறது. எல்லாம் மைக்குழியின் புண்ணியம். காலனிக்குப் பின்னால் இருந்த சாயக் கம்பெனி மூடிப் போய் ஒன்பது வருஷம். கழிவைக் கொட்டிய குழியை மட்டும் எங்களுக்கு விட்டுப் போனது. மை போலக் கருநீலமாகத் தேங்கி நிற்பதால் மைக்குழி. வெயிலில் அதன் பக்கம் போனால் கண் எரியும்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் மூன்று வருஷமாக வழக்கு நடக்கிறது. கிணறு கெட்டுப்போன முனுசாமி அண்ணனும் (ஊரில் நெல் விவசாயம் செய்கிறவர்) காலனிக்காரர்களும் சேர்ந்து போட்டது. பொன்னேரி வக்கீல் கிறிஸ்டினா நடத்துகிறார். கம்பெனியை இப்போது வேறொருவர் வாங்கியிருக்கிறார். குழியையும் சேர்த்துத்தான் வாங்கினார் என்பது கிறிஸ்டினாவின் வாதம்.

அடுத்த வாரம் தீர்ப்பாயத்தின் கமிட்டி நேரில் பார்க்க வருகிறது. பார்ப்பார்கள், தோண்டச் சொல்வார்கள், குழி ஒழியும், ஜெபா வருவாள். மார்ச் மாதம்தான் பிரசவம். காலம் இருக்கிறது. வரட்டும்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. ஆனால் மனசு நிறைந்திருக்கிறது.

நாளை மறுநாள் கமிட்டி வருகிறது. மைக்குழிப் பக்கம் போய்ப் பார்த்தேன். முள், பிளாஸ்டிக், நாற்றம், வெயிலில் கணுக்கால் அளவுக்கு வற்றிய நீலத் தண்ணீர், கால் வைத்தால் வழுக்கும் கருஞ்சேறு. சென்னையிலிருந்து அவ்வளவு பெரிய அதிகாரிகள் வந்து இதிலா நிற்பார்கள்? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பணித்தளப் பொறுப்பாளர் என்று எதற்கு இருக்கிறேன்?

இந்த வாரம் எங்கள் நூறு நாள் வேலை குழியை ஒட்டிய கால்வாயில்தான். காலையில் வருகைப் பதிவு முடித்து, மதியம் வரை கால்வாய் வேலை. பிறகு முப்பத்திரண்டு பெண்களையும் குழிப் பக்கம் திருப்பிவிட்டேன். முனுசாமி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியதும் தன் வயலிலிருந்து நாலு டிராக்டர் சிவப்பு மண் அனுப்பினார். "ஆபீசருங்க கால் வெக்க எடம் வேணாமா கிரேசம்மா? நல்ல மண்ணாவே அனுப்பிக்கீறேன்." கொட்டி, பரப்பி, மிதித்துச் சமமாக்கினோம். மேலே இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர். குப்பம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேலே. சும்மா இருப்பாளா? ஓரத்தில் எட்டுப் புள்ளிக் கோலம் போட்டாள்.

முடிந்து நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சபைத் திருவிழாவுக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாக நாங்கள் செய்ததில்லை.

29 ஆகஸ்ட், வியாழன்

கமிட்டி வந்தது. நான்கு பேர். இளநீர் கொடுத்தோம். ஒரு அதிகாரி சுற்றிப் பார்த்து, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்களே" என்றார். எனக்கு மனசு குளிர்ந்து போனது.

பின்னாலேயே கிறிஸ்டினா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மைக்குழி இருந்த இடத்தைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"யாரு இத செஞ்சது?"

குப்பம்மாள் முந்திக்கொண்டாள். "நாங்கதாம்மா! எப்டிக்கீது?"

கிறிஸ்டினா திரும்பிப் பார்த்தார். அதிகாரிகள் அரை அடி ஆழத்தில் மண் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது யார் மண்? முனுசாமி அண்ணனின் வயல் மண். முகர்ந்து பார்த்தார்கள். என்ன வாசனை வரும்? பிளீச்சிங் பவுடர் வாசனை. "தேங்கிய கழிவு எதுவும் காணப்படவில்லை" என்று ஒருவர் எழுதுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் உறைக்கவில்லை என்றால் பாருங்கள் என் புத்தியை!

30 ஆகஸ்ட்

எழுதப் பிடிக்கவில்லை.

18 செப்டம்பர், புதன்

அறிக்கை வந்துவிட்டது. மண் விவசாயத்துக்கு மிகவும் ஏற்றதாம். ஏற்றதாக இல்லாமல் எப்படி இருக்கும்? மூன்று போகம் விளைந்த மண்.

கம்பெனி வக்கீல் உடனே சமரசம் பேச வந்துவிட்டார். இடம்தான் சுத்தமாக இருக்கிறதே. மேலே ஒரு ஷீட் விரித்து, மண் போட்டு, புல் வைத்துப் பூங்கா ஆக்கித் தருகிறோம். வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிறார். பூங்காவாம். ஊஞ்சல் கூட வைப்பார்களாம். அடியில் இருப்பது அடியிலேயே இருக்குமாம்.

நான் செய்த வேலை. மூன்று வருஷ வழக்கை மூன்று மணி நேரத்தில் மூடிவிட்டேன். முனுசாமி அண்ணனைத் திட்டவும் வாய் வரவில்லை. பாவம், நல்ல மண்ணாகப் பார்த்து அனுப்பினாரே. சாயந்தரம் கிறிஸ்டினா வீட்டுக்கே வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. "பழைய போட்டோ எதாவது இருக்காக்கா? தேதி தெரியற மாதிரி?" என்று கேட்டார்.

இருக்கிறது. எல்லார் போனிலும் இருக்கிறது. ஆனால் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்தவை. எந்த வருஷம், எந்த நாள் என்று எவருக்கும் தெரியாது. கம்பெனிக்காரர் ஊதித் தள்ளிவிடுவார்.

19 செப்டம்பர், விடியற்காலை

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அட முட்டாளே! வருகைப் பதிவு!

நூறு நாள் வேலையில் தினமும் இரண்டு தடவை ஆட்களை வரிசையாக நிற்க வைத்து அரசாங்க ஆப்பில் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. நாள், மணி, இடம் எல்லாம் தானாகவே பதிந்துவிடும். நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. இத்தனை நாளும் நெட்வொர்க் கிடைக்காமல் அதைத் திட்டாத திட்டு இல்லை.

27ஆம் தேதி இரண்டு தடவையும் கால்வாய் மேட்டில்தான் எடுத்தேன். மேட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது?

எட்வர்ட்டை எழுப்பினேன். இந்தத் தடவை மணி கேட்கவில்லை.

அதே நாள், மதியம்

கிடைத்துவிட்டது! காலை 9.12. முப்பத்திரண்டு பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் மைக்குழி, கருநீலமாக, தளதளவென்று. மாலை 3.40. அதே பெண்கள், அதே பல். பின்னால் சிவப்பு மண். கிறிஸ்டினா என் போனைப் பிடித்துக்கொண்டு குதித்தார். வக்கீல் குதித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: இதைத் தாக்கல் செய்ய வேண்டுமானால், மூடியது நான்தான் என்று நானே பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆர்டரில் இல்லாத வேலைக்கு ஆட்களைத் திருப்பியது தப்பு. என் வேலைக்கு ஆபத்து வரலாம்.

எட்வர்ட், "போனா போவுது. ஒளிச்சி வெச்சிக்கினு எத்தினி நாளைக்கி சோறு எறங்கும்?" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

8 அக்டோபர், செவ்வாய்

நான், முனுசாமி அண்ணன், குப்பம்மாள் மூவரும் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிச் சென்னை போனோம். குப்பம்மாள் வழியெல்லாம் முறுக்கு. தீர்ப்பாயத்துக்குள்ளும் கடக் கடக் என்று சத்தம். நான் முழங்கையால் இடித்தேன்.

கம்பெனி வக்கீல் எழுந்து, "இந்த அம்மா ஆதாரத்தை மறைத்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார்" என்றார். மேலே உட்கார்ந்திருந்த நீதிபதி ஐயா என்னைப் பார்த்து, "ஏம்மா மூடினீங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

தயார் செய்து போன பதில் எல்லாம் பறந்துவிட்டது. "நீங்க வர்றீங்கன்னுதான் ஐயா. ஊட்டுக்கு ஆளுங்க வந்தா பெருக்கித் தெளிக்க மாட்டோமா?" என்றேன்.

சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கம்பெனி வக்கீலிடம், "ஒப்புக்கொள்கிறார், சரி. மூடுவதற்கு அங்கே ஏதோ இருந்தது என்பதையும் சேர்த்துத்தானே ஒப்புக்கொள்கிறார்?" என்றார். மூன்று இடத்தில் ஆழமாகத் தோண்டிப் பார்க்க உத்தரவு!

திரும்பும்போது ரயிலில் முனுசாமி அண்ணன் எங்களுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். "என் மண்ண நல்ல மண்ணுன்னு கவர்மென்டே சர்டிபிகேட் குட்துக்கீது. பிரேம் போட்டு மாட்டப் போறேன்" என்றார். மீஞ்சூர் ஸ்டேஷன் வந்தபோது இறங்கி ஓடிப் போய் ஜெபாவிடம் சொல்லலாமா என்று தோன்றியது.

21 அக்டோபர்

ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம். பொறுப்பாளர் வேலையிலிருந்து என்னை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதானா? மண்வெட்டி எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். குப்பம்மாள், "சிரிமா, போட்டோ புடிக்கிறாங்க" என்று என்னையே கிண்டல் செய்கிறாள்.

6 நவம்பர், புதன்

ஆறடியில் டிரம். துருப்பிடித்து, பிதுங்கி, வரிசை வரிசையாக. மூன்று இடத்திலும். கமிட்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இந்த முறை யாரும் இளநீர் கொடுக்கவில்லை. கிறிஸ்டினாவின் கட்டளை.

24 நவம்பர், ஞாயிறு

கம்பெனி இறங்கி வந்துவிட்டது. இப்போது இரண்டு விதமாகச் சமரசம் சொல்கிறது. எதுவானாலும் தேர்வாய் கண்டிகை ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வீடு வந்துவிடும், ஜனவரிக்குள். முதலாவது: குழியைச் சுற்றி கான்கிரீட் சுவர் இறக்கி, மேலே மூடி முத்திரை வைப்பது. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். இரண்டாவது: டிரம், சேறு, கெட்ட மண் எல்லாவற்றையும் தோண்டி, அனுமதி பெற்ற கிடங்குக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது. அதற்கு ஏழெட்டு மாதம் ஆகும். தோண்டும் காலம் முழுக்கக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் காலனியில் தங்கக் கூடாது. அது கமிட்டி வைத்த நிபந்தனை.

போன வாரம்தான் ஞானம்மா போனில், "குழாத் தண்ணி வந்துட்டா அனுப்பறேன் அண்ணி, எனக்கின்னா வேண்டுதலா?" என்று சொல்லியிருந்தார். அப்போதே பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். மின்விசிறி மாட்டியாகிவிட்டது.

ரேஷன் கடை வாசலில் கூட்டம். ஊர்க்காரர்களும் வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். கை தூக்கி முடிவு செய்வதென்று பேச்சு. கிறிஸ்டினா, "தோண்டணும்னு சொல்றவங்க?" என்று கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெபாவுக்கு ஐந்து மாதம் என்று காலனியில் தெரியாதவர் யார்? கிரேஸ் இன்னும் எட்டு மாதம் பெண்ணை வீட்டுக்கு அழைக்காமல் இருக்கட்டும் என்று எவர் வாயால் சொல்வார்கள்? எனக்காகக் குழியை மூடிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள், பாவிகள். அந்த அன்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

வெள்ளையடித்த அறை கண்ணில் நின்றது. ஒரு தடவை நான் மூடினேனே — என்ன ஆச்சு? சுவர் எத்தனை வருஷம் தாங்கும்? அந்தக் குழந்தை வளர்ந்து, அதற்கொரு குழந்தை பிறந்து, அப்போது ஒழுகினால்?

கையைத் தூக்கினேன். பக்கத்தில் எட்வர்ட் தூக்கினார். அப்புறம் குப்பம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். எண்ணவே தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெபாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீ இல்லாம நான் இன்னா பண்ணுவேன்மா?" என்றாள். "நான் அங்க வரேன்டி" என்றேன். அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். முனுசாமி அண்ணன் வீட்டம்மா கெங்கம்மாள் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சும்மா சொல்லக் கூடாது, இந்த வருஷம் நன்றாகத்தான் வந்திருந்தது.

21 ஜனவரி 2025, செவ்வாய்

சமரச ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது! முப்பத்தொரு பக்கம். கிறிஸ்டினா ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்காவது ஷரத்து: "ஆய்வுக்கு வரும் தேதியை முன்கூட்டி எவருக்கும் தெரிவிக்கக் கூடாது."

கம்பெனி வக்கீல் முகம் கடுத்து, "எங்கள் மேல் அவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டார்.

"உங்க மேல இல்ல சார். எங்க ஆளுங்க மேல" என்றார் கிறிஸ்டினா.

ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும் காலனிப் பெண் ஒருவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் ஒரு ஷரத்து. அந்தப் பெண் நான். பொறுப்பாளர் வேலை நவம்பரிலேயே திரும்பக் கிடைத்துவிட்டது. இனிமேல் ஆர்டர் பார்க்காமல் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர்கூடத் தொட மாட்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. சொன்ன நாளைவிட இரண்டு நாள் தாமதம், பரவாயில்லை. எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுத் தெருவில் ஆட்டம். பெரியவர்கள்தான் அதிகம் ஆடினார்கள்.

10 பிப்ரவரி, திங்கள்

முதல் லாரி போனது. தார்ப்பாய் மூடி, சீல் வைத்து, சீட்டில் என் கையெழுத்து.

19 மார்ச், புதன்

பேத்தி!!

நான் பதினைந்து நாளாக மீஞ்சூரில்தான் இருக்கிறேன். லாரிச் சீட்டை எட்வர்ட்டின் தங்கை மெர்சியிடம் விட்டு வந்தேன். சம்பந்தி வீட்டில் தங்கிப் பிரசவம் பார்த்த தாய் எங்கள் சொந்தத்தில் யாருமில்லை. முதல் வாரம் கூச்சம் பிடுங்கித் தின்றது. அடுப்பங்கரையில் ஞானம்மாவும் நானும் மாறி மாறி "நீங்க உக்காருங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டு இருவரும் நின்றோம். இரண்டாம் வாரம் குழம்பில் பூண்டு எவ்வளவு என்று சண்டையே போட்டோம். அதன்பிறகு சரியாகிவிட்டது.

காலை 6.20க்குப் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. எட்வர்ட்டுக்குச் சொன்னேன். அழுதார். எட்வர்ட்டா! இரண்டு பாட்டிகளும் யார் முதலில் தூக்குவது என்று பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் என் கையில் கொடுத்தார். ஞானம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

11 ஜூன்

இருநூற்றுப் பன்னிரண்டாவது லாரி. குழி இப்போது கோயில் குளம் அளவுக்கு ஆகிவிட்டது. ஞாயிறு தவறாமல் மீஞ்சூர். பூமிகா குப்புற விழுகிறாள். பெயர் ஜெபா வைத்தது. ஞானம்மா பைபிள் பெயராக வேண்டும் என்றார். "மண்ணுக்காகத்தான் அத்த எங்கம்மா எம் பிரசவத்தையே உட்டுக் கொட்த்தாங்க" என்றாளாம் ஜெபா. இதைக் கேட்டு நான் ரயிலில் வரும் வழியெல்லாம் மூக்கைச் சிந்தினேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று மழை கொட்டித் தீர்த்தது. கடைசி லாரி போய் மூன்று நாள் ஆகிறது. புது மண் இன்னும் நிரப்பவில்லை. காலையில் குப்பம்மாள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். என்னவோ ஏதோ என்று எல்லாரும் ஓடினோம்.

குழியில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. சேற்று நிறத்தில். வெறும் சேற்று நிறம்! நீலம் இல்லை, கருப்பு இல்லை. ஒரு தவளை வேறு. காலனி முழுக்கக் கரையில் வந்து நின்று பார்த்தது. முனுசாமி அண்ணன் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்.

"இன்னாமே இது, சேத்துத் தண்ணிய பாக்க திருவிழாக் கூட்டமா கீது" என்று சொல்லிவிட்டு, குப்பம்மாளே அரை மணி நேரம் நின்றாள்.

14 அக்டோபர்

கமிட்டி சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. நான் தலைகூட வாரவில்லை. இருபது இடத்தில், இந்தத் தடவை ஆழத்திலிருந்தே மண் எடுத்தார்கள். எல்லாம் நல்ல மண் என்று கருவி வைத்து அங்கேயே பார்த்துச் சொன்னார்கள். சான்றிதழ் வந்துவிடும். கர்ப்பிணி, குழந்தை தடை இன்றோடு நீங்கியது.

அடிபம்பின் சிவப்பு பெயின்ட் அப்படியேதான் இருக்கும். நிலத்தடி நீர் தேறப் பல வருஷம் ஆகுமாம். முனுசாமி அண்ணன் கிணற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். அதுவும் ஷரத்தில் இருக்கிறது. கிறிஸ்டினா விடுவாரா!

18 அக்டோபர், சனி

ஜெபாவும் பூமிகாவும் வந்துவிட்டார்கள். கொண்டுவந்து விட்ட ஞானம்மா, "பத்து நாள்தான் அண்ணி" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். சரி சரி என்றேன்.

23 நவம்பர், ஞாயிறு

ஞானம்மா போன் செய்தார். குரலில் பாதி கெஞ்சல், பாதி கோபம். "பத்து நாள்னு சொல்லி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. பேத்தி மூஞ்சே மறந்துடும் போலக்கீது. எப்ப அனுப்பறீங்க?"

பூமிகா அப்போது வாசல் குழாயடியில் அலுமினியக் குண்டானுக்குள் உட்கார்ந்து, தண்ணீரை இரண்டு கையாலும் அடித்து, என் புடவையை முழுக்க நனைத்திருந்தாள்.

"கொஞ்ச நாள் போவட்டும் அண்ணி" என்றேன். "புள்ளைக்கி எங்க தண்ணி ஒத்துக்கிச்சி. இப்பப் போயி தண்ணி மாத்துனா சளி புடிச்சிக்கும்."